மல்பார்

மல்பார்: இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சு ஆட்சித் தீவான ரீயூனியனில், தென்னிந்திய ஒப்பந்தத் தொழிலாளரின் வழிவந்தோரைச் சுட்டும் கிரியோல் மொழிச் சொல். 'மலபார்' என்னும் கரைப்பெயரே இதன் மூலமாகும். அப்பெயரின் முற்பகுதி 'மலை' என்றும், பிற்பகுதி நிலம் என்னும் பொருளுடைய அரபு அல்லது பாரசீகச் சொல் என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. ஐரோப்பியர் இதனைத் தமிழருக்கும் தமிழுக்கும் வழங்கினர். 1779இல் சென்னை வேப்பேரியில் மறைப்பணியாளர் ஃபப்ரீசியஸ் வெளியிட்ட தமிழ் அகராதியின் தலைப்பும் தமிழை 'மலபார் மொழி' எனவும் குறித்தது.

1848இல் ரீயூனியனில் அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து பெருந்தொகையான தொழிலாளர் கப்பலேறியதால், சோழமண்டலக் கரையினர் பலர் மேற்குக் கரையின் பெயரைச் சுமக்க நேர்ந்தது. அவர்தம் பிள்ளைகள் கத்தோலிக்கத் திருமுழுக்கும் பிரெஞ்சுப் பெயரும் பெற்று, கிரியோலைத் தாய்மொழியாகக் கொண்டபோதிலும், மாரியம்மன் வழிபாட்டையும் திரௌபதிக்குரிய தீமிதியையும் கைவிடவில்லை. தேவாலயமும் கோயிலும் ஒரே குடும்பத்தின் வாழ்வில் இணைந்தன. ஊறுகாய் என்னும் சொல் அங்கே 'ருகாய்' எனத் திரிந்து, தக்காளியும் மிளகாயும் சேர்ந்த தொடுகறி முதலியவற்றைக் குறிக்கலாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த பண்பாட்டு மீட்சியால் 'தமூல்' (தமிழர்) என்னும் பெயரைச் சிலர் விரும்பினும், 'மல்பார்' என்பது இழிவுப்பொருள் நீங்கிய தன்னடையாளமாகவும் நிலைபெற்றுள்ளது. மொழியை இழந்தும் மரபைக் காத்த ஒரு மக்களின் வரலாற்றை இச்சொல் தாங்குகிறது.