காய்ச்சலின் பெயர்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஐயங்கார்குளம் என்று ஒரு சிற்றூர் உண்டு. நான் பிறந்த ஊர் அது. சித்ரா பௌர்ணமியன்று வரதராஜப் பெருமாள் எழுந்தருளும் நடவாவிக் கிணற்றைக் காண அங்கே வந்தவர்கள் உங்களில் சிலர் இருக்கலாம். அவ்வூர்க் கோயிலில் உள்ள ஆஞ்சநேயருக்குச் சஞ்சீவிராயர் என்று பெயர். வேண்டிய மூலிகை எதுவென்று அடையாளம் தெரியாமல், தேடிக்கொண்டிருக்கவும் நேரமில்லாமல், மலையையே பெயர்த்துக்கொண்டு வந்தவர் அல்லவா அவர்? நோயை அடையாளம் காண வேண்டிய வைத்தியருக்கும் இதே சங்கடந்தான். மலையைத் தூக்கும் வலிமை மட்டும் அவருக்கு இல்லை.

மாணவ நண்பர்களே, இன்புளுவென்ஸா என்னும் காய்ச்சலை மனிதர் அடையாளம் கண்ட வரலாற்றையும், இன்று கால் மணி நேரத்தில் விடை கூறும் விரைவுச் சோதனையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

என் பாட்டி 1918-ஆம் ஆண்டைப் பற்றிப் பேசும்போது ‘விஷ ஜுரம்’ என்பாள். வேறு பெயர் அவளுக்குத் தெரியாது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக நாட்டினுள் நுழைந்த அந்த நோய், மழைக்காலத்தின் முடிவில் இரண்டாம் முறை மூர்க்கமாகப் பரவியது. இந்தியாவில் மாண்டவர் ஒரு கோடியே இருபது லட்சம் என்பர் சிலர். ஒரு கோடியே எண்பது லட்சம் என்பர் வேறு சிலர். இத்தனை பெரிய வேறுபாடு ஏன்? கிராமங்களில் சாவைப் பதிந்தவர் வைத்தியர் அல்லர், கிராம முன்சீப். அவருடைய பதிவேட்டில் காலரா, அம்மை, பிளேக் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் இருந்தது. மற்றக் காய்ச்சல்கள் எல்லாம் ‘ஜுரம்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் அடங்கின. மலேரியாவும் அங்கே, டைபாய்டும் அங்கே, இந்தப் புதிய கொள்ளை நோயும் அங்கே. பிற்காலத்தவர், வழக்கமான ஆண்டுகளைக் காட்டிலும் எத்தனை சாவு மிகுந்தது என்று கணக்கிட்டுத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. பெயர் தெரியாமலே போனவர்கள் அவர்கள்.

முன்சீபைக் குறை கூறுவதற்கில்லை. அக்காலத்துப் பேரறிஞர்களே பெயரைத் தவறாகத்தான் அறிந்திருந்தனர். 1892-இல் ஜெர்மானியரான ரிச்சர்டு பைபர் என்பார், நோயாளிகளின் சளியில் ஒரு நுண்கிருமியைக் கண்டு, இன்புளுவென்ஸாவுக்குக் காரணம் இதுவே என்று அறிவித்தார். அவருடைய புகழ் பெரிது. ஆகவே பலரும் நம்பினர். 1918-இல் உலகெங்கும் ஆய்வாளர்கள் அக்கிருமியைத் தேடினர். சில நோயாளிகளிடம் அது இருந்தது, பலரிடம் இல்லை. கிருமி காணப்படாதபோது, தங்கள் கைத்திறன் போதவில்லை என்று எண்ணியவர்களும் உண்டு. தவறு தேடியவர்களிடம் இல்லை, தேடப்பட்ட பொருளிலேயே இருந்தது. குற்றமற்ற அக்கிருமிக்கு விஞ்ஞான நூல்களில் இன்றளவும் இன்புளுவென்ஸாவின் பெயரே வழங்கி வருகிறது!

உண்மைக் குற்றவாளி 1933-இல் லண்டனில் பிடிபட்டது. வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்னும் மூவர், நோயாளியின் தொண்டை கழுவிய நீரை வடிகட்டி, கீரியைப் போன்ற பெரெட் என்னும் விலங்கின் மூக்கில் விட்டனர். விலங்குக்குக் காய்ச்சல் கண்டது. நோயுற்ற பெரெட் ஒன்று ஸ்மித்தின் முகத்தில் தும்ம, அவரும் காய்ச்சலில் படுத்தார். வடிகட்டியைக் கடந்து செல்லும் வைரஸே காரணம் என்பது இவ்வாறு தெளிவாயிற்று. 1941-இல் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்ற அமெரிக்கர், இந்த வைரஸ் கோழியின் சிவப்பு அணுக்களைத் திரளச் செய்வதைக் கண்டார். அதிலிருந்து இரத்தச் சோதனை ஒன்று பிறந்தது. நோய் தொடங்கும்போது ஒரு முறையும், இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு முறையும் இரத்தம் எடுத்து ஒப்பிட வேண்டும். விடை திருத்தமானதுதான், ஆனால் அது வருவதற்குள் நோயாளி எழுந்து ஏர் உழப் போயிருப்பான், அல்லது இறந்திருப்பான்.

1957 மே மாதத்தின் நடுவில், சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பல் ஒன்று ஆசிய இன்புளுவென்ஸாவை நம் கரையில் இறக்கியது. இம்முறை நாம் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இன்புளுவென்ஸா ஆய்வு மையம் இருந்தது. அங்கே கருவுற்ற கோழிமுட்டைகளில் வைரஸை வளர்த்துப் பிரித்தனர். அடுத்த பிப்ரவரிக்குள் நாட்டில் 44 லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளும் ஏறத்தாழ 1,100 இறப்புகளும் பதிவாயின. அந்நிலையத்தைச் சேர்ந்த ஐ.ஜி.கே. மேனன் 1959-இல் இவ்வரலாற்றை எழுதி வைத்திருக்கிறார்.

விரைவுச் சோதனைகள் வழக்கத்துக்கு வந்தது 1990-களுக்குப் பின்னரே. மூக்கினுள் பஞ்சுக் குச்சியைச் செலுத்தி எடுத்த சளியை ஒரு நீர்மத்தில் கரைத்து, அட்டை ஒன்றின்மேல் துளியாக விடுவர். வைரஸின் புரதம் அதில் இருந்தால் நிறக் கோடு தோன்றும். எளிய வேலைதான். ஆனால் கோடு தோன்றுவதற்கு வைரஸ் ஏராளமாக இருந்தாக வேண்டும். குழந்தைகளின் மூக்கில் அது மிகுதி, பெரியவர்களிடம் குறைவு. நாள் கடந்தாலும் குறையும். குச்சியைப் பட்டும் படாமலும் செலுத்தினாலும் கோடு வராது. பி.சி.ஆர். என்னும் சோதனையோ வைரஸின் மரபுப்பொருளைப் பன்மடங்கு பெருக்கிக் காண்பதால் சிறிதளவையும் விடாது. ஆனால் அதற்கு ஆய்வகமும் நேரமும் பணமும் வேண்டும்.

159 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த மதிப்பீடு ஒன்று 2012-இல் வெளிவந்தது. இன்புளுவென்ஸா உள்ள நூறு பேரில் 62 பேரையே அந்நாளைய விரைவுச் சோதனை கண்டுபிடித்தது. நோய் இல்லாத நூறு பேரில் 98 பேருக்குச் சரியாக ‘இல்லை’ என்றது. 2017-இல் அமெரிக்க அரசு விதியை இறுக்கி, நூற்றுக்கு 80-ஆவது பிடிபட வேண்டும் என்றது. ஆகவே பின்னர் வந்தவை முன்னதைவிட மேம்பட்டவை.

இப்பொழுது ஒரு கணக்கு; பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். நோய் பரவும் பருவத்தில் எங்கள் ஊரில் நூறு பேருக்குக் காய்ச்சல், அவர்களில் 40 பேருக்கு இன்புளுவென்ஸா என்று கொள்வோம். பழைய சோதனை 25 பேரைக் கண்டுபிடிக்கும்; 15 பேரை விட்டுவிடும். மற்ற 60 பேரில் ஒருவருக்குத் தவறாக ‘உண்டு’ என்னும். ஆக, ‘உண்டு’ என்றவை 26; அவற்றில் 25 மெய். ‘இல்லை’ என்ற 74-இல் ஐந்தில் ஒன்று பொய்! இனி, பருவமல்லாத காலத்தில் ஆயிரம் பேருக்குக் காய்ச்சல், பத்துப் பேருக்கே இன்புளுவென்ஸா என்று வையுங்கள். பிடிபடுவோர் 6. நோயற்ற 990 பேரில் 20 பேருக்குத் தவறாக ‘உண்டு’ வரும். இப்போதும் ‘உண்டு’ 26தான். ஆனால் அவற்றில் 20 பொய். அதே அட்டை, அதே கோடு. ஊரில் நோய் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கோட்டின் பொருள் மாறுகிறது. என் கல்லூரி நாட்களில் எவரும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை.

2009-இல் பன்றிக்காய்ச்சல் என்று மக்கள் அழைத்த புதிய வகை வந்தபோது, நம் மத்திய அரசு நோயாளிகளை மூன்று பிரிவாக வகுத்தது. இலேசாக நோயுற்றோருக்குச் சோதனையே வேண்டா. மூச்சுத்திணறல் போன்ற அபாயக் குறியுள்ள மூன்றாம் பிரிவினருக்கு உடனே சோதனையும் மருத்துவமனைச் சிகிச்சையும் வேண்டும் என்று விதித்தது.

சில ஆண்டுகளுக்கு முன், அறுபதைக் கடந்த என் அண்ணாவுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாள் ஓரிடத்தில் விரைவுச் சோதனை செய்தனர். கோடு வரவில்லை. ‘இன்புளுவென்ஸா இல்லை’ என்று சளிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டனர். நாங்களும் நிம்மதியாக உறங்கினோம். மறுநாள் இரவு அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. காஞ்சிபுரத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த மருத்துவர் என் கையிலிருந்த சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். தெருவில் வேறு யாருக்கேனும் காய்ச்சல் உண்டா என்று கேட்டார். நான்கு வீடுகளில் உண்டு என்றேன். பி.சி.ஆர். சோதனைக்கு மாதிரி எடுக்கச் சொல்லிவிட்டு, அதன் விடைக்குக் காத்திராமல் அப்பொழுதே ஓசெல்டாமிவிர் கொடுக்கத் தொடங்கினார். நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அம்மருந்து நன்றாக வேலை செய்யும்; அந்த நேரமோ கடந்திருந்தது. ஆயினும் நோய் முற்றியவருக்குத் தாமதமானாலும் கொடுக்கத்தான் வேண்டும் என்றார். அடுத்த நாள் மாலை விடை வந்தது: இன்புளுவென்ஸாதான். அண்ணா பிழைத்துக்கொண்டார். அவர் மீண்டும் நடவாவிக் கிணற்றுப் படிகளில் இறங்கி ஏற ஒரு மாதம் ஆயிற்று.