முகமறியாதவரின் திருத்தம்

திறந்த மூல மென்பொருளுக்கு நிரல் பங்களிக்கும் வழக்கத்தின் வரலாற்றைப் பெரும்பாலோர் 1991-இல், லினக்ஸிலிருந்து தொடங்குகின்றனர். ஆறாண்டுகள் பின்னே செல்ல வேண்டும் என்பது என் கருத்து. 1985 மே மாதத்தில் லாரி வால் 'பேட்ச்' என்னும் சிறு நிரலை வெளியிட்டார்.

இரு கோப்புகளின் பாடவேறுபாட்டைக் காட்டும் 'டிஃப்' 1970களிலேயே பெல் ஆய்வகத்தில் உருவாகிவிட்டது. அவ்வேறுபாட்டை இன்னொருவர் படியில் ஏற்றுவதில்தான் இடர்ப்பாடு. "நாற்பதாம் வரியை நீக்கு" என்று ஒரு திருத்தம் வருகிறது. பெறுபவர் தம் படியில் மேலே மூன்று வரிகளைச் சேர்த்திருந்தால் நீங்குவது வேறொரு வரி. அருகருகே அமர்ந்து பணிபுரிவோர் இதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். முகமறியாத இருவரின் படிகளோ எப்போதோ விலகிப் போயிருக்கும்.

பேட்ச் வரி எண்ணை ஒரு குறிப்பாக மட்டுமே கொள்கிறது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகள் பெறுபவரின் படியில் எங்கே இருக்கின்றன என்று தேடுகிறது. முழுதும் பொருந்தாவிடில் சூழல் வரிகளில் ஓரிரண்டை விட்டுக்கொடுத்துப் பார்க்கிறது. அதுவும் தவறினால் அப்பகுதியைத் தனிக்கோப்பில் ஒதுக்கிவிடுகிறது. வால் பெர்க்லியில் மொழியியல் பயின்றவர். எழுத்தில்லாத மொழியொன்றுக்கு எழுத்துமுறை வகுக்க விரும்பியவர். சூழலால் இடமறியும் இந்த உத்தியில் எங்கள் துறையின் வாடை வீசுவதாக நான் நினைத்துக்கொள்வதுண்டு.

லினக்ஸ் முதல் பத்தாண்டுகள் இவ்வாறே வளர்ந்தது. மின்னஞ்சலில் வந்த திருத்தங்களை லினஸ் டோர்வால்ட்ஸ் தம் படியில் ஏற்றினார். திருத்தம் உரிய இடத்தில் அமர்ந்தது. எழுதியவர் பெயர் பல வேளைகளில் உடன் வரவில்லை. 2003 மார்ச்சில் எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்து, லினக்ஸில் தன் நிரல் கலந்திருப்பதாகக் கூறியபோது, எந்த வரி எவருடையது என்ற வினா பெரும் பொருட்டாயிற்று. 2004-இல் கையொப்ப வரி நடைமுறைக்கு வந்தது: இந்நிரல் என் ஆக்கம், அல்லது இதை அளிக்க எனக்கு உரிமை உண்டு என்று அனுப்புபவரே தரும் உறுதிமொழி. 2005-இல் பிறந்த கிட், எழுதியவர் பெயரையும் ஏற்றியவர் பெயரையும் தனித்தனியே பதிகிறது. இருவரும் ஒருவராகவே இருக்கும் சிறு திட்டங்களில் இவ்விரட்டைப் பதிவு வீண் போலத் தோன்றும். அஞ்சலில் திருத்தம் அனுப்பிய காலத்தின் தடம் அது.

நான் முதன்முதலில் ஒரு திட்டத்துக்கு அனுப்பிய நான்கு வரித் திருத்தம், கையொப்ப வரி இல்லையென்று திரும்பி வந்தது. அன்று சினமே மூண்டது. வழக்கின் கதையைப் படித்தது அதன் பின்னர்தான். பெயரிட்டு மீண்டும் அனுப்பினேன்.