துரு தின்ற எண்

எங்க ஊர்னு சொன்னா எல்லாருக்கும் பூட்டும் பிரியாணியும்தான் ஞாபகத்துக்கு வரும். கூடவே துப்பாக்கியும் கொஞ்சம் வரட்டுமேன்னுதான் இந்தப் பதிவு. பயப்படாதீங்க, வரலாறுதான் :)

எங்க தாத்தாகிட்ட ஒரு துப்பாக்கி இருந்தது. சிறுமலை அடிவாரத்துல நிலம், காட்டுப்பன்னி தொல்லை. வாய்வழியா கரிமருந்து இடிச்சு சுடுற ஒத்தைக்குழல். முறையா லைசென்ஸ் உண்டு. தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு, முடிஞ்சதும் போய் வாங்கிட்டு வருவார். ஒரு தடவை லைசென்ஸைப் புதுப்பிக்கப் போன இடத்துல சிக்கல். புத்தகத்துல எண்ணோட கடைசி இலக்கம் 3. குழல்ல பார்த்தா 8 மாதிரி தெரியுது. மேல துரு வேற. "என்னய்யா, நம்பரைத் தேய்ச்சுப்புட்டியா?"ன்னு கேட்டுட்டாங்க. தாத்தா அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை.

ஒரு இலக்கத்துக்கு மனுஷன் ஏன் இப்படி ஆடிப்போனார்? பழைய துப்பாக்கிகளைக் குற்ற வழக்குகள்ல எப்படி அடையாளம் காண்றாங்கன்னு நான் படிக்க ஆரம்பிச்ச பிறகுதான் அது புரிஞ்சது.

1755-ல் திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாரா வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்கள் உதவியோட இங்கே ஆயுதச்சாலை அமைச்சார். அந்தக் காலத்துக் கைவேலைத் துப்பாக்கிகளுக்குப் பெரும்பாலும் வரிசை எண்ணெல்லாம் கிடையாது. யார் கையில இருக்கோ அவங்களோடது, அவ்வளவுதான். விருப்பாச்சி கோபால நாயக்கரைத் தூக்கில் போட்ட 1801-ஆம் வருஷமே, டிசம்பர் 1-ஆம் தேதி, பாளையக்காரர்கள் ஆயுதங்களை ஒப்படைக்கணும்னு கம்பெனி அறிவிச்சது. அப்புறம் 1878 ஆயுதச் சட்டம் வந்தது, துப்பாக்கி வைக்க லைசென்ஸ் கட்டாயமாச்சு. இப்படித்தான் துப்பாக்கி ஏட்டில் ஒரு வரியா மாறியது.

ஆலையில் செஞ்ச பழைய ரைஃபிள் ஒன்று சிக்கினா அதுவே நிறையப் பேசும். நம்ம நாட்டுப் போலீஸ் பல பத்தாண்டுகள் தூக்கிச் சுமந்த 303-ஐ எடுத்துக்கோங்க. (உத்தரப் பிரதேசப் போலீஸ் அதுக்கு 2020 குடியரசு தின அணிவகுப்போட விடை கொடுத்தது.) அதோட உலோகப் பாகத்தில் எந்த ஆலை, எந்த ஆண்டு, எந்த மாதிரின்னு முத்திரை இருக்கும். கிரீடம் இருந்தா வெள்ளைக்காரன் காலம், சிங்கத் தலை இருந்தா சுதந்திரத்துக்குப் பிறகு இஷாப்பூர்ல செஞ்சது. ஒரே எண் உடம்பிலும் போல்ட்டிலும் அடிச்சிருக்கும். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா எங்கேயோ பாகம் மாறியிருக்குன்னு அர்த்தம். வெறும் எண் மட்டும் போதாது. வேற ஆலையில், வேற வருஷத்தில் அதே எண் இன்னொரு துப்பாக்கிக்கும் விழுந்திருக்கலாம்.

ரைஃபிள் கிடைக்கலை, குண்டு மட்டும்தான் கிடைச்சதுன்னா? குழலுக்குள்ளே சுருள் சுருளா வெட்டின பள்ளங்கள் குண்டு மேல பதியும். 303-க்கு வழக்கமா அஞ்சு பள்ளம், இடப்பக்கச் சுழற்சி. மார்ட்டினி ஹென்றின்னா ஏழு. இது சாதியைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. ஆளைப் பிடிக்க, குறிப்பிட்ட அந்தக் குழலின் நுண்கீறல்களை ஒப்பீட்டு நுண்ணோக்கியில் வெச்சுப் பார்க்கணும். இதுல ஒரு வேடிக்கை உண்டு. போலீஸுக்குன்னே 303 உருவத்தில் 410 மஸ்கட் செஞ்சாங்க. வெளியில பார்க்க ரைஃபிள், உள்ளே குழல் வழவழன்னு இருக்கும். ரைஃபிள் பள்ளத்தைக் குண்டு மேல தேடினா ஒண்ணும் கிடைக்காது!

எண்ணைத் தேடிப் போன பெரிய இந்திய வழக்குன்னா கல்கத்தா ரோடா கம்பெனி வழக்கு. 1914 ஆகஸ்ட் 26. கம்பெனி குமாஸ்தா ஒருத்தர் சுங்கத்திலிருந்து 202 பெட்டிகளை எடுத்தார். கிடங்குக்கு வந்தது 192. மீதியைக் கொண்டுவரேன்னு போனவர் திரும்பவே இல்லை. காணாமப்போன 10 பெட்டியில் 50 மவுசர் கைத்துப்பாக்கியும் 46,000 தோட்டாவும். கைத்துப்பாக்கிதானேன்னு நினைக்காதீங்க. அதோட மரப்பெட்டியையே பின்னால மாட்டினா, ரைஃபிள் மாதிரி தோள்ல வெச்சு சுடலாம். அந்தத் துப்பாக்கிகளின் எண்கள் கம்பெனி ஏட்டில் பத்திரமா இருந்தன. ஆனாலும் அவை 54 சம்பவங்கள்ல பயன்பட்டதாகவும், 50-ல் 31 மீட்கப்பட்டதாகவும் 1918 ரவுலட் குழு அறிக்கை சொல்லுது. புரட்சிக்காரர்கள் கையில் இருந்த துப்பாக்கிக்கு எண் இருந்தது, ஆனா அது கை மாறின கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை.

இதுக்கு நேர் எதிர் டல்லாஸ். 1963 நவம்பர் 22, கென்னடி கொலை. புத்தகக் கிடங்கின் ஆறாவது மாடியில் கிடைச்ச ரைஃபிளை முதல்ல பார்த்த அதிகாரி ஒருத்தர் 'மவுசர்'னு சொல்லிட்டார். உண்மையில் அது 1940-ல் இத்தாலியின் டெர்னியில் செஞ்ச கார்கானோ. எண் சி 2766. இறக்குமதி செஞ்ச கம்பெனி, அவங்க சிகாகோ கடைக்கு அனுப்பின ஏட்டைக் காட்டியது. கடைக்காரங்க ராத்திரி முழுக்க மைக்ரோஃபிலிமைப் புரட்டினாங்க. விடியறதுக்குள்ள 'ஹைடெல்'ங்கிற பேர்ல வந்த தபால் ஆர்டர் கிடைச்சிடுச்சு. தபால்பெட்டி ஆஸ்வால்டோடது, கையெழுத்தும் அவரோடதுன்னாங்க. விலை தபால் செலவோட 21 டாலர் 45 சென்ட். 23 வருஷப் பழைய ரைஃபிளின் ஜாதகம் ஒரே ராத்திரியில கையில வந்துச்சு. அந்த ராத்திரி வேலையைச் செஞ்சது நுண்ணோக்கி இல்லை, கடைக்காரன் கணக்கு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். மலையடிவாரத்துல பிடிபடுற கள்ள நாட்டுத்துப்பாக்கிக்கு ஆலையும் இல்லை, எண்ணும் இல்லை. குழல்ல பள்ளமும் கிடையாது. உள்ளே போறது பால்ரஸ் குண்டு. வாய்வழி மருந்துங்கிறதால தோட்டா உறையும் கீழே விழாது. ஹைதர் காலத்துக்கே திரும்பிப் போன மாதிரிதான். எண் இருந்து அதை அரம் போட்டு அழிச்சிருந்தாக்கூட வழி உண்டு. எண்ணை அடிக்கும்போது அடியில் இருக்கும் உலோகமும் நசுங்கும். மேற்பரப்பை மெருகேத்தி அமிலக் கரைசல் தடவினா அழிஞ்ச எண் நிழலாத் தெரியலாம். எண்ணே பிறக்காத துப்பாக்கிக்கு எந்த அமிலமும் உதவாது.

சரி, தாத்தா கதை. 1959 ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு என்ன சொல்லுது தெரியுமா? துப்பாக்கியில எண் அழிஞ்சோ மாறியோ இருந்தா, வேற மாதிரி நிரூபிக்கிற வரைக்கும், வெச்சிருக்கிறவன்தான் அதைச் செஞ்சான்னு கொள்ளணும். துருவுக்கும் அரத்துக்கும் வித்தியாசம் காட்டவேண்டியது தாத்தா பொறுப்பு! குற்றவாளியைப் பிடிக்கப் போட்ட அதே முடிச்சு, மழைக்கு ஒழுகுற வீட்டுல துப்பாக்கி வெச்சிருந்த சம்சாரி கழுத்துலயும் விழும்.

மூணு நாள் அலைஞ்சார். கடைசியில ஒரு வயசான எழுத்தர், பரண்ல இருந்து பழைய பதிவேட்டை இறக்கித் தூசி தட்டினார். அதுல தெளிவா 8. புதுப் புத்தகம் போட்டப்ப யாரோ 3-ன்னு எழுதியிருக்காங்க. துப்பாக்கி சொன்னது நிஜம், புத்தகம் சொன்னதுதான் பொய்.

அடுத்த தேர்தலுக்கு ஒப்படைச்ச துப்பாக்கியைத் தாத்தா திரும்ப வாங்கலை. "பன்னி தின்னுட்டுப் போகட்டும்டா"ன்னுட்டார். அந்தப் பழைய பதிவேட்டை மட்டும் அன்னைக்கே எடைக்குப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு அவரும் கேட்கலை, நாங்களும் கேட்கலை.