மூட்டைக் கணக்கு

மூட்டைக் கணக்கு (நாப்சாக்): இவ்வளவு எடைதான் தாங்கும் என்ற மூட்டையில் எந்தெந்தப் பொருளைக் கட்டினால் மொத்த மதிப்பு மிகும் என்று காணும் கணக்கு. தன்னையே அழைக்கும் நிரலால் (ரிகர்ஷன்) இதைத் தீர்ப்பதே தெளிவான முறை.

வரலாறு: பெரிய கணக்கின் விடையை அதன் சிறிய வடிவங்களிலிருந்து பெறும் உத்தி இந்திய யாப்பில் பழமையானது. குறுகிய அசையான லகுவுக்கு 1 மாத்திரை, நீண்ட அசையான குருவுக்கு 2. இவை ஒரு மாத்திரையளவை எத்தனை வகையில் நிரப்பும்? கடைசி அசை லகுவானால் 1 மாத்திரை குறைந்த கணக்கு மிஞ்சும். குருவானால் 2 குறைந்தது. இரண்டையும் கூட்டினால் விடை. யாப்பறிஞர் விரகாங்கரும், 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தின் ஹேமசந்திரரும் இவ்விதியைத் தந்தனர். ஃபிபனாச்சி அதே எண்களை எழுதியது 1202இல்தான். மூட்டைக் கணக்கின் பக்கம் வந்தால், 1939இல் லெனின்கிராடில் கணிதவியலாளர் கண்டரோவிச், பொருளை வெட்டும்போது வரும் கழிவைக் குறைக்கும் கணக்கை வகுத்தார். 1961இல் ஐ.பி.எம்.மின் கில்மோரும் கோமொரியும் வெட்டுக் கணக்கின் உள்ளே மூட்டைக் கணக்கை வைத்துத் தீர்த்தனர்.

முறை: ஊத்துக்குளியில் ஒரு பனியன் யூனிட், கட்டிங் மேசையில் 10 கிலோ துணி மிச்சம் என்று கொள்வோம். கையில் மூன்று ஆர்டர்கள்: 6 கிலோவுக்கு லாபம் 600 ரூபாய், 5 கிலோவுக்கு 450, இன்னொரு 5 கிலோவுக்கு 400. கிலோவுக்கு அதிக லாபம் தருவதை முதலில் வெட்டினால் 600 ரூபாயோடு சரி. மீதி 4 கிலோவில் எந்த ஆர்டரும் அடங்காது. நிரலோ ஒவ்வோர் ஆர்டரிடமும் இரண்டு கேள்வி கேட்கும்: எடுத்தால் என்ன, விட்டால் என்ன? மிஞ்சிய துணிக்கும் மிஞ்சிய ஆர்டர்களுக்கும் தன்னையே மறுபடி அழைத்து, பெரிய விடையைக் கொள்ளும். ஆர்டர் தீர்ந்தால் விடை 0, அங்கிருந்து திரும்பும். இங்கே கிடைப்பது 5+5 கிலோ, 850 ரூபாய்.

30 ஆர்டர் இருந்தால் 107 கோடிக்கு மேற்பட்ட சேர்க்கைகள். ஒருமுறை கண்ட விடையைக் குறித்துவைத்தால், 100 கிலோ துணிக்கு, எடைகள் முழுக் கிலோவாக இருக்கையில், ஏறத்தாழ 3,000 கணக்குகளே போதும். இக்குறிப்பு முறைக்கு 1968இல் ‘மெமோ’ என்று பெயரிட்டவர் டொனால்ட் மிச்சி.

இன்றைய நிலை: துணியில் வெட்டு வடிவங்களை அடுக்கும் வேலையை (மார்க்கர் போடுதல்) பல நிறுவனங்களில் மென்பொருள் செய்கிறது.

மதிப்பீடு: மூட்டை எவ்வளவு பெரிதானாலும் விரைவில் தீர்க்கும் பொதுவழி இன்னும் கண்டறியப்படவில்லை. கட்டிங் மேசையின் அளவுக்கு, குறித்துவைக்கும் மறு அழைப்பே போதும்.