ஆர்டர் தாளும் வருகைப் பதிவேடும்: திருப்பூரில் கல்விக்கான பன்னாட்டுக் கூட்டுறவு

திருப்பூருக்கு வெளிநாடு முதலில் பையராக, அதாவது வாங்குபவராகத்தான் அறிமுகமானது. வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் 1978இல் பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாக இங்கு வந்ததையும், ஐரோப்பாவின் சி அண்ட் ஏ கடைச்சங்கிலி 1981இல் வந்ததையும் வைத்தே ஊரின் ஏற்றுமதிக் கதையைத் தொடங்குவது வழக்கம். 2024-25இல் அந்தப் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். இங்குள்ள குழந்தைகளின் படிப்பைப் பற்றிய பன்னாட்டு அக்கறையும் அதே வழியில், ஆர்டர் தாளின் பின்னிணைப்பாகவே வந்து சேர்ந்தது. வாங்குபவர் வழியாக வரும் அக்கறை குழந்தையைக் கம்பெனியிலிருந்து வெளியேற்றும். ஆசிரியர் அமைப்புகள் வழியாக வரும் கூட்டுறவே குழந்தையை வகுப்பில் உட்கார வைக்கும். இந்த இரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் நேரும் இழப்பைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பள்ளியை விட்ட சிறுவன் பனியன் கம்பெனிக்குள் கைமடியாக நுழைவான். டெய்லர் தைத்துத் தள்ளும் பீஸை எடுத்து மடித்து அடுக்குவது அவன் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் மெஷினில் கை பழகி, சில ஆண்டுகளில் ஓவர்லாக்கோ சிங்கரோ ஓட்டத் தெரிந்தவனாவான். இந்தத் தொழிலின் பயிற்சிக்கூடம் அதுதான். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடியும் ஒன்றரை ஷிஃப்ட் அதன் பாடவேளை. சனிக்கிழமைச் சம்பளமே அதன் தேர்வு முடிவு. தொண்ணூறுகளின் இறுதியில் வேலைச் சூழலுக்கான எஸ்ஏ 8000 சான்றும் பிரிட்டனின் நெறிசார் வணிக முன்னெடுப்பும் வந்தபின் கம்பெனி வாசல்களில் வயது வரம்புப் பலகைகள் ஏறின. ஆடிட் நாளில் வயதுச் சான்றுகள் கோப்பில் அடுக்கப்பட்டன.

இது வீண்போன வேலை என்று நான் சொல்லமாட்டேன். நேரடி ஏற்றுமதிக் கம்பெனிகளில் சிறுவர் உழைப்பு வெகுவாகக் குறைந்தது இதனால்தான். ஆனால் ஆடிட்டின் எல்லை காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு வெளியே ஜாப் ஒர்க் கொட்டகைகள் இருக்கின்றன. அவற்றுக்கும் அப்பால், மூட்டையாக வீட்டுக்கு வரும் பிசிர் வெட்டும் வேலை இருக்கிறது. தாய் வெட்டும்போது பக்கத்தில் உட்காரும் மகளை எந்தக் கோப்பும் பதிவு செய்வதில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரின் வேலையை முழுவதுமாகத் தடை செய்துவிட்டு, பள்ளி நேரத்துக்குப் பின்பும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்தும் வைத்தது. இந்த ஊரில் அந்தக் கதவு மிக அகலமானது. திருப்பூரை நெடுங்காலம் ஆய்ந்த மானிடவியலாளர் கீர்ட் டி நீவ், நெறிமுறைத் தணிக்கை தொழிலாளியின் கையை வலுப்படுத்தியதைவிட வாங்குபவரின் கையையே வலுப்படுத்தியது என வாதிட்டார். பள்ளியின் பக்கமிருந்து பார்த்தால் அதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: தணிக்கைக்கு ஆசிரியர் என்ற ஒருவர் தேவையே இல்லை.

வங்காளதேசம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சிறுவர் உழைப்பில் உருவான பொருள்களின் இறக்குமதியைத் தடுக்கும் ஹார்கின் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் 1992இல் கொண்டுவரப்பட்டதுமே டாக்காவின் ஆடைத் தொழிற்சாலைகள் சிறுவர்களை அவசர அவசரமாக வெளியே அனுப்பின. பலர் அதைவிட மோசமான வேலைகளுக்குப் போனார்கள். அதன் பிறகே 1995 ஜூலையில் உரிமையாளர் சங்கமும் ஐஎல்ஓவும் யுனிசெஃபும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. வெளியேறும் குழந்தைக்குப் பள்ளியில் இடம், மாதம் 300 வங்காளதேச டாக்கா உதவித்தொகை என்றது அது. திருப்பூரில் அப்படியோர் உடன்பாடு எழுதப்படவில்லை. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்பு மையங்கள் நடந்தன. ஆனால் அங்கே பாடம் சொன்னவர்கள் மதிப்பூதியத்துக்கு அமர்த்தப்பட்டவர்கள், முறையான பள்ளி ஆசிரியர்கள் அல்லர். அந்தத் திட்டமும் 2021இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. அமெரிக்க உதவியோடு ஐஎல்ஓ நடத்திய இண்டஸ் திட்டம் தமிழ்நாட்டில் காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலை, நாமக்கல், விருதுநகர் என ஐந்து மாவட்டங்களை எடுத்துக்கொண்டது. திருப்பூரை உள்ளடக்கிய அன்றைய கோவை மாவட்டம் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆசிரியர் அமைப்புகளின் பாதை வேறு. இரண்டு உலக ஆசிரியர் சம்மேளனங்கள் 1993இல் ஸ்டாக்ஹோமில் இணைந்து எஜுகேஷன் இன்டர்நேஷனல் ஆயின. 1999இல் அந்த அமைப்பு ஆக்ஸ்ஃபாம், ஆக்‌ஷன் எய்ட், குழந்தை உழைப்புக்கு எதிரான உலகப் பேரணி ஆகியவற்றோடு சேர்ந்து கல்விக்கான உலக இயக்கத்தைத் தொடங்கியது. இவை மாநாட்டுத் தீர்மானங்களோடு நின்றிருந்தால் இங்கே குறிப்பிட வேண்டியதில்லை. இன்றைய தெலங்கானாவின் ரங்காரெட்டி மாவட்டத்தில் நடந்ததுதான் முக்கியம். சாந்தா சின்ஹாவின் எம்வி அறக்கட்டளை தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து அங்கே ஒரே கொள்கையைப் பிடித்து நின்றது: பள்ளியில் இல்லாத ஒவ்வொரு குழந்தையும் குழந்தைத் தொழிலாளியே. எது ஆபத்தான வேலை, எது இல்லை என்ற பட்டியலுக்கு அதில் இடமில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்களே பால கார்மிக விமோசன வேதிக என்ற மன்றத்தை அமைத்துக்கொண்டு, வராத பிள்ளையின் வீடு தேடிப் போனார்கள். 2003இல் நெதர்லாந்தின் ஆசிரியர் சங்கமான ஏஓபி, ஹிவோஸ் வளர்ச்சி அமைப்பு, எஃப்என்வி தொழிற்சங்கக் கூட்டமைப்பு முதலியவற்றோடு சேர்ந்து நடத்திய இயக்கம் இந்த அனுபவத்தை ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் எடுத்துச் சென்றது. உகாண்டா, மொராக்கோ ஆசிரியர் சங்கங்கள் குழந்தை உழைப்பற்ற வட்டாரம் என்ற முறையைத் தம் ஊர்களில் கைக்கொண்டன. பணம் வடக்கிலிருந்து வந்தது. பாடம் நம் பக்கத்திலிருந்து போனது. ஆசிரியர் ஆசிரியரோடு பேசும்போதுதான் இந்தத் திசைமாற்றம் நடக்கும் என்பது என் துணிபு. பையரும் சப்ளையரும் பேசும் பேச்சில் அது நடந்து நான் கண்டதில்லை.

இரண்டு முறைகளும் அளவையில்தான் பிரிகின்றன. ஒன்று ஆலையை எண்ணுகிறது. மற்றொன்று ஊரிலுள்ள குழந்தைகளை எண்ணுகிறது. திருமணச் செலவுக்குத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை வேலைக்கு எடுத்த நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டம் பற்றி நெதர்லாந்தின் சோமோ ஆய்வு அமைப்பும் அந்நாட்டின் இந்தியக் குழுவும் 2011இல் அறிக்கை வெளியிட்டு உலகக் கவனத்தை ஈர்த்தன. அடுத்த ஆண்டே தொடங்கிய பல்தரப்புத் திட்டம் ஆலைக்குள் நலம் என்ற பெயரில் பெண்களுக்கு உடல்நலக் கல்வியைக் கொண்டுபோனது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பெண் பத்தாம் வகுப்போடு நின்றது ஆலைக்குள் நடந்த நிகழ்ச்சி அல்ல. ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டில் நடந்தது. அதை முதலில் பார்க்கும் கண் வகுப்பாசிரியருடையது.

அப்படியானால் இந்த வட்டாரத்தின் ஆசிரியர் சங்கங்கள் ஏன் இதைக் கையில் எடுக்கவில்லை? எளிதாகக் குறை சொல்லிவிடக் கூடாது. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் தமிழக அரசு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களையும் ஆசிரியர்களையும் பணிநீக்கம் செய்தது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் பணியில் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியமும் இல்லாமல் போனது. அடுத்த இருபது ஆண்டுகள் சங்கங்களின் ஆற்றல் பெரும்பாலும் இந்த இழப்பை மீட்கவே செலவானது. வேலைப் பாதுகாப்பில்லாத ஆசிரியர் ஜாப் ஒர்க் முதலாளியின் வாசலில் போய் நின்று பிள்ளையைக் கேட்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. தொழில்துறையோ தன் தேவைக்கு நிறுவனம் கட்டிக்கொண்டது: ஏற்றுமதியாளர் சங்கம் தேசிய ஆடை வடிவமைப்புக் கழகமான நிஃப்டோடு சேர்ந்து 1997இல் நிஃப்ட்-டீ கல்லூரியைத் தொடங்கியது. மேல்படிக்கு வழி கிடைத்தது. ஒன்றாம் வகுப்புக்கு அப்படிப்பட்ட கூட்டாளி இல்லை.

வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள் வந்ததால், இன்று அந்த ஒன்றாம் வகுப்பில் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் கேட்கின்றன. கட்டாயக் கல்விச் சட்டத்தின் நான்காம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து வந்த ஒன்பது வயதுப் பிள்ளை நான்காம் வகுப்பில் உட்காரலாம். பாடம் மட்டும் அவள் காதுக்கு எட்டாது. பண்டிகைக்கு ஊருக்குப் போன குடும்பம் திரும்பாவிட்டால் இங்கே அவள் பெயர் நீண்ட நாள் வராதோர் பட்டியலில் கிடக்கும், அங்கே எந்தப் பட்டியலிலும் இருக்காது. சென்னையைச் சுற்றிய செங்கல் சூளைகளில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. பிரான்சில் பிறந்த எய்ட் எ ஆக்‌ஷன் அமைப்பும் இரு மாநிலக் கல்வித் துறைகளும் கைகோத்ததால் ஒடியாப் பாடநூலும் ஒடியா பேசும் ஆசிரியரும் சூளைக்கே வந்தார்கள். சூளை பருவ வேலை. பனியன் கம்பெனி ஆண்டு முழுவதும் ஓடும். ஆகவே இங்கே தனிப் பள்ளி வேண்டாம், இருக்கும் பள்ளிக்குள் இருமொழி உதவி வேண்டும். தமிழும் ஒடியாவும் தெரிந்த ஆசிரியரை யார் தருவது என்பதே கேள்வி.

இந்த இடத்தில்தான் சங்க உறவு பயன்படும். அகில இந்தியத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் கூட்டமைப்பு எஜுகேஷன் இன்டர்நேஷனலின் உறுப்பு. வெவ்வேறு மாநிலங்களின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை ஒரே குடையின்கீழ் கொண்டது. பலாங்கீர் ஆசிரியரும் பல்லடம் ஆசிரியரும் ஒரு மாணவியின் மாற்றுச் சான்றிதழைப் பற்றித் தொலைபேசியில் பேசிக்கொள்வதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. பன்னாட்டுக் கூட்டுறவு என்றதும் நாம் பாரிஸைப் பார்க்கிறோம். 2024இல் தமிழக அரசு, கனவு ஆசிரியர்கள் எனத் தேர்ந்தெடுத்தவர்களைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றது மகிழ்ச்சியான செய்திதான். இந்த மாவட்டத்துக்கு மட்டும் அந்தப் பயணத்தின் முதல் நிறுத்தம் ஒடிசாவாக இருக்கட்டும்.

வெளிநாட்டு ஆசிரியர் சங்கங்களுக்கு வேறு பங்கு இருக்கிறது. அது நன்கொடையைவிடப் பெரியது. ஜெர்மனியின் கல்வித் தொழிற்சங்கமான ஜிஇடபிள்யூ, குழந்தை உழைப்புக்குப் பதில் கல்வி என்ற நோக்கில் ஃபேர் சைல்ட்ஹுட் அறக்கட்டளையை நடத்துகிறது. 2023 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானிய விநியோகச் சங்கிலிச் சட்டத்தின் பதினொன்றாம் பிரிவு, உரிமை பறிக்கப்பட்டவர் தம் சார்பில் வழக்கு நடத்த அந்நாட்டுத் தொழிற்சங்கத்துக்கு அதிகாரம் தரலாம் என்கிறது. சட்டத்தைத் தளர்த்தும் முயற்சிகள் பின்னர் நடந்தாலும் இந்தப் பிரிவின் பொருள் பெரிது. ஜிஇடபிள்யூவும் ஜெர்மானியத் தொழிற்சங்கமே. இத்தனை ஆண்டுகளாகப் பையருக்கு மட்டுமே தெரிந்திருந்த ஆர்டர் தாளை, திருப்பூர் ஆசிரியரின் வருகைப் பதிவேட்டோடு ஒரே மேசையில் வைக்கக்கூடிய நிலையில் இப்போது ஓர் ஆசிரியர் அமைப்பு இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் யார் எந்த மாதம் முதல் வரவில்லை, குடும்பம் எந்த யூனிட்டின் மூட்டையை வீட்டுக்கு எடுத்துவருகிறது என்று எழுத வேண்டிய ஆசிரியரோ திருப்பூர் வட்டாரத்தின் அங்கேரிபாளையத்திலும் மங்கலத்திலும்தான் இருக்கிறார்.