கருவில் உருவாகும் மூளையும் கீரைச் சத்தின் வரலாறும்



1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று கொள்ளேகால் வட்டம் கோவை மாவட்டத்தினின்று பிரிந்து மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது. மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியில் உள்ள கௌதள்ளிப் பகுதித் தமிழர் பலர், குடிபெயராமலே அயல் மாநிலத்தவர் ஆயினர். அங்கும் பிற மாநிலங்களிலும் வாழும் நம் குடும்பங்கள் அறியத்தக்க வரலாறு ஒன்றை இன்று கூற விழைகிறேன்.

கருவில் தகடு போன்றதோர் உயிரணுப் படலம் மடிந்து குழலாகிறது. அதன் மேற்பகுதி மூளையாகவும் எஞ்சிய பகுதி தண்டுவடமாகவும் வளர்கின்றன. கருவுற்ற 28 நாட்களுக்குள் அக்குழல் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிடில் குழந்தை முதுகெலும்புப் பிளவுடன் பிறக்கலாம். மூளையே உருவாகாமலும் போகலாம். தான் கருவுற்றதைத் தாய் அறியுமுன்னரே இவ்வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

1928-இல் பம்பாய்க்கு வந்த ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், கர்ப்பிணிகளான ஆலைத் தொழிலாளப் பெண்களின் சோகை நோயை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு அந்நோயைத் தீர்ப்பதை 1931-இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்தை 1941-இல் அமெரிக்க அறிஞர்கள் பசலை இனக் கீரையிலிருந்து பிரித்து, ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய லெடர்லி ஆய்வுக்கூடம், 1945-இல் அதனைச் செயற்கையாக ஆக்கியது. அச்சத்தால் குணமாகும் ஸ்ப்ரூ நோய்க்கே முன்னர் தம் உடன்பிறந்தாரைப் பறிகொடுத்தவர் அவர்.

இச்சத்துக் குறைவுக்கும் கருவின் ஊனத்துக்கும் தொடர்பிருக்கலாம் என ஹிப்பர்டும் ஸ்மிதெல்ஸும் 1965-இல் கருதினர். 1991-இல் ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு அதனை மெய்ப்பித்தது. முன்னர் இவ்வூனமுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மாரிடையே, நாள்தோறும் 4 மில்லிகிராம் உட்கொண்டோர்க்கு அது மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்தது.

குழல் மூடிய பின்னும் மூளை வளர்கிறது. எந்த உயிரணு எப்போது நரம்பணுவாக வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துவனவற்றுள் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் நுண்துணுக்குகளும் உண்டு. 1993-இல் ஒரு சிறு புழுவில் இவற்றைக் கண்டறிந்த ஆம்ப்ரோஸ், ருவ்குன் இருவரும் 2024-இல் நோபல் பரிசு பெற்றனர். அத்துறை இன்னும் வளர்ந்து வருகிறது. ஃபோலிக் அமிலமோ எளிய மாத்திரையாகவே கிடைக்கிறது.

கீரையும் பருப்பும் நல்லனவே; எனினும் வேகவைக்கையில் இச்சத்து பெரிதும் குறையும். ஆகவே மகப்பேற்றை விரும்பும் பெண்கள், கருவுறுவதற்கு ஒரு திங்களேனும் முன்பாகவே மருத்துவரை அணுகி, நாள்தோறும் 400 மைக்ரோகிராம் உட்கொள்ளத் தொடங்குதல் வேண்டும். முன்னர் இத்தகைய குழந்தையைப் பெற்றவர்கள் அதனை மருத்துவரிடம் தவறாது தெரிவிக்க வேண்டும். அவர்கட்குரிய அளவு வேறு.