துடைப்பம் திருத்திய கதை

1987-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'ராமாயண்' தொடர், உத்தரகாண்டம் இல்லாமலே 1988-இல் முடிய இருந்தது. வால்மீகியைக் குருவாக வணங்கும் ஜலந்தர் துப்புரவுத் தொழிலாளர்கள் துடைப்பத்தைக் கீழே போட்டார்கள். வேலைநிறுத்தம் பல வடஇந்திய நகரங்களுக்கும் பரவியது. குப்பை நாறியதும் அரசு பணிந்தது. உத்தரகாண்டம் தனித் தொடராக வந்தது. சம்பூகன் தலையை ராமன் வெட்டுவதும் அதே காண்டத்தில்தான். இருந்தும் இதை நம் வரலாறாகவே நான் வாசிக்கிறேன்: அரசு சொன்ன கதையைத் துப்புரவுக் கைகள் திருத்தின.

இன்றைய ஓ.டி.டி.யில் 'தஹாட்' (2023) தொடரின் நாயகியே தலித் சப்-இன்ஸ்பெக்டர். நல்லதுதான். ஆனா சந்தா கட்டினவங்க வீட்டுலதான் அது ஓடும். கதையை முடிவு பண்றது கம்பெனி. அன்னைக்கு இருந்தது அரசு டி.வி. மட்டும்தான், மறிச்சு நிக்க முடிஞ்சுது. திரையில நம்ம முகம் வந்தா மட்டும் போதாது. கதையை மறிக்கிற அதிகாரமும் வேணும்.